எட்டு நாற்காலி, இருபது நிமிடம்: ஜப்பானிய ராமென் கடைக்குப் போகிறவர்களுக்கு

ராமென் என்பது சூடான சூப்பில் நூடுல்ஸ். தோக்கியோவில் பேர்பெற்ற ராமென் கடைகள் பலவும் ரயில் பெட்டியில் பாதிகூட இருக்காது. நீளமாக ஒரு மேடை, அதன் முன் எட்டோ பத்தோ நாற்காலி, மேடைக்கு அந்தப் பக்கம் கொதிக்கும் அண்டாக்கள், இரண்டு மூன்று ஆட்கள். அவ்வளவுதான் கடை. ஒரு கிண்ணத்தின் விலை 1000 யென்னை ஒட்டியே இருக்கும். அதற்கு மேல் போனால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் அந்தத் தொழிலில் வெகுநாளாக உண்டு. ‘ஆயிரம் யென் சுவர்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விலையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாத கடைக்காரர் நாற்காலியைத்தான் சீக்கிரம் காலியாக்க வேண்டும். ஒருவர் உட்கார்ந்து எழ 20 நிமிடம் என்று வைத்தால், எட்டு நாற்காலிக்கு மணிக்கு 24 பேர். மதியம் மூன்று மணி நேரம் திறந்திருந்தால் 72 கிண்ணம். வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் கெடுபிடியாகத் தெரிகிற விதிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான். கணக்கு பிடிபட்டுவிட்டால் ஜப்பானிய மொழி தெரியாமலேயே சமாளிக்கலாம்.

கடையைத் தேடுவதற்கு முன் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, முக்கியமாக நம்மவர்களுக்கு. ஷோயு, ஷியோ, மிசோ என்று பட்டியலில் இருப்பவை உப்புச்சுவைக்காகச் சேர்க்கும் பொருளின் பெயர்கள்: சோயா சாறு, உப்பு, சோயா விழுது. கிண்ணத்தின் அடியில் ஊற்றும் இந்தச் சாற்றுக்குத் ‘தாரே’ என்று பெயர். அதன் மேல் ஊற்றும் சூப் வேறு. அது பன்றி எலும்பு, கோழி, காய்ந்த நெத்திலி போன்ற சிறு மீன், சீவிய கட்சுவோ கருவாடு, கொம்பு என்னும் கடல்பாசி ஆகியவற்றில் சிலதையோ பலதையோ மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுப்பது. மேலே மிதக்கும் எண்ணெய் பன்றிக் கொழுப்பாகவோ கோழிக் கொழுப்பாகவோ இருக்கும். ஆகவே ‘மிசோ ராமென்தானே, சோயாதானே’ என்று சைவக்காரர்கள் நம்பிவிடக் கூடாது. மேலே வைத்த இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்பதிலும் பயனில்லை. காலையிலிருந்து கொதிக்கும் அண்டா ஒன்றே ஒன்று, உங்களுக்காக அவர்களால் வேறு சூப் வைக்க முடியாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதற்கென்றே உள்ள கடைக்குப் போவதுதான் வழி. தோக்கியோ ரயில் நிலையத்தின் உள்ளே, டிக்கெட் கதவுகளைத் தாண்டி, கெய்யோ ஸ்ட்ரீட் என்ற கடைவரிசையில் ‘டீஸ் தான்தான்’ இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத எள் விழுது நூடுல்ஸ். ரயிலில் வந்து இறங்கும்போதோ ஏறப்போகும்போதோ சாப்பிடுவது வசதி, இல்லையென்றால் நிலையத்துக்குள் நுழைய மட்டும் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். ‘அஃபுரி’ கிளைகள் பலவற்றில் விலங்குப் பொருள் இல்லாத ராமென் ஒன்று பட்டியலில் உண்டு. ஹலால் வேண்டும் என்றால் தோக்கியோவின் அசகுசா பகுதியில் ‘நாரிதயா’. பன்றி மட்டும் வேண்டாம் என்பவர்கள் கோழிச் சூப் கடைகளைத் தேடலாம், ஆனால் அங்கேயும் மேலே வைக்கும் இறைச்சி பன்றியாக இருப்பது சகஜம். ஒரு சொல் விஷயத்தில் எச்சரிக்கை: ‘வெஜிடேரியன்’ என்றால் மீன் சாறு பரவாயில்லை என்று புரிந்துகொள்பவர்கள் அங்கே நிறைய. ‘வீகன்’ என்று சொன்னால் குழப்பம் குறைவு.

கடை தேடும்போது கூகுள் மதிப்பெண்ணோடு நின்றுவிட வேண்டாம். ஜப்பானியர்கள் பார்ப்பது தபெலோகு என்ற உணவக மதிப்பீட்டுத் தளம். அங்கே மதிப்பெண் கஞ்சத்தனமாகத்தான் விழும், 3.5 என்றாலே நல்ல கடை, 3.7-க்கு மேல் என்றால் வரிசையில் நிற்கத் தயாராகப் போக வேண்டும். 3.2 என்று பார்த்து ‘சுமார்தான் போல’ என்று ஒதுக்கிவிட்டால் தெருமுனையில் இருக்கும் அருமையான கடையை இழப்பீர்கள். பார்க்க வேண்டிய இன்னொன்று கடை நேரம். காலை 11 முதல் பிற்பகல் 3, பிறகு மாலை 6 முதல் 9 என்று இடையில் மூடுகிற கடைகள் அதிகம். வார விடுமுறை பல கடைகளில் திங்களோ புதனோ, ஞாயிறு அல்ல. சூப் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நேரம் மீதி இருந்தாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகஸ்ட் நடுவில் வரும் ஒபோன் நாட்களிலும் ஆண்டுப் பிறப்பை ஒட்டியும் பல கடைகள் திறப்பதில்லை. திடீர் விடுமுறையைக் கடைக்காரர்கள் எக்ஸ் தளத்தில்தான் போடுவார்கள். கிளம்புமுன் ஒருமுறை பார்த்துவிட்டால் ஒரு மணி நேர ரயில் பயணம் வீணாகாது. வாசலில் நோரென் என்னும் துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. திரை உள்ளே போயிருந்தால், விளக்கு எரிந்தாலும் ஆள் தெரிந்தாலும், கதவைத் தட்ட வேண்டாம்.

எல்லாப் பிரபலக் கடையிலும் வரிசைதான் என்றில்லை. தோக்கியோவின் சுகாமோ பகுதியில் இருந்த ‘சுதா’, உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் கையேட்டின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் நட்சத்திரம் பெற்றது. ராமென் கடைக்கு நட்சத்திரம் கிடைத்தது அதுவே முதல்முறை. அதன்பின் கூட்டம் தெருவை அடைக்கவே, காலையில் வந்து 1000 யென் முன்பணம் கட்டி நேரம் குறித்த சீட்டு வாங்கிப் போய், அந்த நேரத்துக்குத் திரும்பி வரும் முறையைக் கொண்டுவந்தார்கள். ‘செய்ரிகென்’ எனப்படும் இந்த வரிசைச் சீட்டு முறை இன்றும் சில கடைகளில் உண்டு. தோக்கியோவுக்கு வெளியே யுகவாரா ஊரில் உள்ள ‘ஈதா ஷோதென்’ போன்ற சில கடைகளில் இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் சாப்பாடு கிடையாது. சிறு தொகை கட்டினால் குறித்த நேரத்தில் நேரே உள்ளே விடும் செயலிகளும் சில ஆண்டுகளாக வந்திருக்கின்றன. நான்கு நாள் பயணத்தில் ஒன்றரை மணி நேரத்தை நடைபாதையில் செலவழிப்பதைவிட அந்தச் சில நூறு யென் லாபம் என்றே சொல்வேன்.

வரிசை நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையை நாற்காலி எண்ணிக்கையால் வகுத்து 20-ஆல் பெருக்குங்கள். எட்டு நாற்காலிக் கடையில் 16 பேர் நின்றால் ஏறக்குறைய 40 நிமிடம். இந்தக் கணக்கு பெரிதாகப் பிசகுவதில்லை. வார நாளில் கடை திறப்பதற்கு 30 நிமிடம் முன்போ, மதியக் கூட்டம் கலைந்த 2 மணிக்கோ போனால் சிரமம் குறைவு. 2 மணி என்பதில் சூப் தீரும் அபாயமும் சேர்ந்தே இருக்கிறது.

வரிசையில் சண்டையைக் கொண்டுவருவது ஒன்றுதான்: ஒருவர் நின்று மற்ற நால்வருக்கும் இடம் பிடிப்பது. அங்கே இது கூடவே கூடாது. எல்லோரும் சேர்ந்து வந்தால்தான் வரிசையில் இடம். வரிசை திடீரென்று அறுந்து, அடுத்த கட்டடத்துக்கு அப்பால் மறுபடி தொடங்குவதும் உண்டு. நடுவில் இருக்கும் வாசல் பக்கத்துக் கடைக்காரருடையது, அதை மறைக்கக் கூடாது என்பதற்காக. இடைவெளியைப் பார்த்து ‘இதுதான் கடைசி’ என்று நுழைந்துவிடாமல், மூலை திரும்பிப் பாருங்கள். ஐந்தாறு பேராகப் போனால் ஒன்றாக உட்கார வாய்ப்பில்லை, பிரித்துத்தான் உட்காரவைப்பார்கள். பெட்டிகளை ரயில் நிலையத்தின் காசு போடும் லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே ஆள் நடக்கவே இடமிருக்காது.

ஊழியர் வெளியே வந்து ‘நான் மெய் சாமா?’ என்றால் எத்தனை பேர் என்று கேட்கிறார். விரலைக் காட்டினால் போதும். அவர் கூடவே கையைக் கதவுக்குள் காட்டினால், இப்போதே போய் உள்ளே இருக்கும் எந்திரத்தில் சாப்பாட்டுச் சீட்டு வாங்கிவந்து மறுபடி இங்கேயே நில்லுங்கள் என்று பொருள். நூடுல்ஸை முன்கூட்டியே கொதிக்கப்போடத்தான் இந்த ஏற்பாடு. வேறு கடையில் உட்காரும் நேரம் வந்தபிறகுதான் சீட்டு. எது என்று தெரியாவிட்டால், உங்களுக்கு முன்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

இனி சீட்டு எந்திரம். வெளிநாட்டவர் அதிகம் தடுமாறுவது இதன் முன்னால்தான், அதுவும் பின்னால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பழைய எந்திரங்களில் முதலில் காசு போட வேண்டும். போட்ட காசுக்கு வாங்கக்கூடிய பொத்தான்களில் மட்டும் விளக்கு எரியும். காசு போடாமல் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. தொடுதிரை எந்திரங்களில் இது தலைகீழ்: முதலில் தேர்வு, பிறகு பணம், மூலையில் மொழி மாற்றும் இடமும் இருக்கும்.

எதை அழுத்துவது? இடப்பக்க மேல் மூலை. கடைக்காரர் எந்த ராமெனுக்காக அறியப்படுகிறாரோ அதைத்தான் பெரும்பாலும் அங்கே வைப்பார். அதையடுத்த பொத்தான்களில் அதே ராமென் ஊறவைத்த முட்டையோடு, கூடுதல் இறைச்சியோடு, எல்லாமும் சேர்த்து என்று விலை ஏறிக்கொண்டே போகும். எல்லாமும் சேர்ந்ததற்குத் ‘தொகுசெய்’ என்று பெயர்; சாதாரணத்தைவிட 300, 400 யென் அதிகம். முதல் தடவைக்கு முட்டை சேர்த்தது போதும். கீழ்வரிசைச் சின்னப் பொத்தான்கள் சோறு, பியர், கூடுதல் வெங்காயத்தாள் போன்றவை. 150 யென்னுக்குக் கிடைக்கிறதே என்று அதில் ஒன்றை மட்டும் அழுத்திவிட்டு உட்கார்ந்தால் ஒரு கிண்ணம் வெறும் சோறு வரும். பெரிய அளவைக் குறிக்கும் எழுத்து கைகளை விரித்து, கால்களை அகட்டி நிற்கும் மனிதனைப் போல் இருக்கும். நடுத்தரம் என்றால் ஒரு பெட்டியின் நடுவே குத்துக்கோடு. சிறியது நடுவில் ஒரு கோடு, இருபுறமும் ஒவ்வொரு சின்னக் கோடு. இந்த மூன்றைத் தெரிந்துகொண்டால் அளவில் ஏமாற மாட்டீர்கள்.

பணம் பற்றி. பழைய எந்திரம் எடுத்துக்கொள்வது 1000 யென் நோட்டும் 10, 50, 100, 500 நாணயங்களும்தான். 5000, 10,000 நோட்டுகளைத் துப்பிவிடும். விமான நிலையத்தில் மாற்றிய பணம் எல்லாம் 10,000 நோட்டாகத்தான் இருக்கும் என்பதால், வழியில் ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் தண்ணீரோ சோற்று உருண்டையோ வாங்கிச் சில்லறை ஆக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 ஜூலை 3 அன்று புது நோட்டுகள் வந்தன. 1000 யென்னில் மருத்துவ ஆய்வாளர் கிதசாதோ ஷிபசபுரோவின் படம், பின்பக்கம் ஹோகுசாயின் பேரலை. எந்திரத்தை மாற்றச் செலவு அதிகம் என்று சில சிறு கடைகள் பழைய எந்திரத்தையே வைத்திருக்கின்றன, அவை அலை நோட்டை ஏற்காது. 2021-இல் வந்த இரண்டு நிறப் புது 500 யென் நாணயத்துக்கும் இதே கதி. நோட்டு திரும்பத் திரும்ப வெளியே வந்தால் அதை நீவி நீவிப் போராடாமல், ஊழியரிடம் காட்டி ‘ரியோகாயே’ என்று சொல்லுங்கள், சில்லறை மாற்றித் தருவார். போக்குவரத்து அட்டையை ஏற்கும் எந்திரங்கள் பெருகிவருகின்றன, ஆனால் அதை நம்பி வெறும் கையோடு போகக் கூடாது.

சீட்டு விழுந்த பிறகு பாக்கி தானாக வராவிட்டால், அருகில் இருக்கும் நெம்புகோலைத் திருப்ப வேண்டும். நீங்கள் இன்னொன்று வாங்குவீர்களோ என்று எந்திரம் காத்திருக்கிறது. திருப்பாமல் போனால் உங்கள் 100 யென்கள் அடுத்தவருக்கு. தப்பான பொத்தானை அழுத்திவிட்டால் சீட்டை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள், மாற்றித் தருவார்கள். நூடுல்ஸ் தண்ணீரில் விழுந்தபின் சொல்லி உபயோகமில்லை.

உட்கார்ந்ததும் சீட்டை மேடையின் உயர்ந்த விளிம்பில் வையுங்கள். இங்கே ஒரு கேள்வி வரலாம். என்ன கேள்வி என்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கடையின் வகையைப் பொறுத்தது. எதுவும் புரியாவிட்டால் ‘ஃபுட்சூ தே’, அதாவது சாதாரணமாகவே கொடுங்கள் என்றால் பெரும்பாலான கடைகளில் காரியம் முடிந்தது.

ஃபுகுவோகாவின் ஹகாதா பாணிக் கடை என்றால் நூடுல்ஸ் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். மென்மை ‘யாவா’, நடுத்தரம் ‘ஃபுட்சூ’, சற்று விறைப்பு ‘கதா’, அதற்கு மேல் ‘பரிகதா’, கம்பி என்று பொருள்படும் ‘ஹரிகனே’, கடைசியாக மாவை மட்டும் உதறிக் கொடுக்கும் ‘கொனா ஓதோஷி’. கடைசி இரண்டும் சில நொடிகளே வெந்நீரில் இருக்கும், பச்சை மாவின் வாடை அடிக்கும். வீரம் காட்ட அதைக் கேட்பவர்கள் உண்டு. முதல்முறை போகிறவருக்குக் கதா போதும். இந்த நூடுல்ஸில் நீர்ச்சத்து குறைவு, மெலிதாக வேறு இருக்கும். சூப்பை மளமளவென்று உறிஞ்சி ஊறிவிடும். அதனால் கிண்ணத்துக்கு 100 முதல் 120 கிராம் மட்டுமே போட்டு, தீர்ந்ததும் புதிதாக வேகவைத்து இன்னொரு பிடி போடும் ‘காயேதாமா’ என்ற வழக்கம் வந்தது. நகஹமா மீன் சந்தையில் அவசரமாகச் சாப்பிட்டு ஓடும் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு. 100 முதல் 200 யென் ஆகும். இரண்டு மூன்று வாய் நூடுல்ஸ் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், சூப்பில் பாதியாவது மீதி இருக்க வேண்டும். சூப்பைக் குடித்துத் தீர்த்துவிட்டுக் காயேதாமா கேட்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இரண்டாவது பிடியில் சூப் நீர்த்துப்போனதாகத் தெரிந்தால் மேசையில் இருக்கும் தாரேக் குடுவையிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம்.

யோகோஹாமாவில் 1974-இல் ‘யோஷிமுராயா’ தொடங்கிவைத்த இயெகெய் பாணியில் கேள்வி மூன்று: நூடுல்ஸ் விறைப்பு, உப்புச்சுவை, எண்ணெய். ‘கதாமே, கொய்மே, ஓமே’ என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வதைக் கேட்டு நீங்களும் சொன்னால் விறைப்பும் உப்பும் எண்ணெயும் எல்லாமே தூக்கலாக வந்து சேரும். ஏற்கெனவே கனமான சூப் அது. மூன்று கடற்பாசித் தாளும் பசலைக்கீரை மாதிரி ஒரு கீரையும் மேலே இருக்கும். தாளைச் சூப்பில் தோய்த்துச் சோற்றைச் சுற்றிச் சாப்பிடுவதற்காகவே பலர் கூட ஒரு கிண்ணம் சோறு வாங்குவார்கள். இந்த வகையில் அது காசுக்கு ஏற்ற சங்கதி.

மிகவும் பயமுறுத்துவது ஜிரோ. 1968-இல் தொடங்கிய இந்தக் கடையின் தலைமையிடம் தோக்கியோவின் மிதாவில், கெய்யோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். மாணவர்களின் பசிக்கு ஏற்ற அளவு. ‘சிறியது’ என்று எழுதியிருப்பதே வேகுமுன் 300 கிராம் அளவுக்கு இருக்கும், மற்றக் கடைகளில் இரண்டு கிண்ணம். அதன் மேல் முட்டைக்கோசும் முளைகட்டிய பயறும் குவியலாக. சீட்டைக் கொடுக்கும்போதே ‘மென் ஹான்புன்’, பாதி நூடுல்ஸ் என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மலைபோல் வாங்கி மலைபோல் மீதி வைப்பதைத்தான் அங்கே மன்னிப்பதில்லை. கிண்ணம் தயாராகும் கடைசி நிமிடத்தில் ‘நின்னிகு இரேமாசு கா?’ என்று கேட்பார்கள். பூண்டு போடலாமா என்பது நேர்ப்பொருள், மேலே சேர்ப்பவை எல்லாவற்றையும் பற்றிய கேள்வி என்பது உட்பொருள். வேண்டியதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: காய் அதிகம் ‘யாசாய்’, பூண்டு ‘நின்னிகு’, கொழுப்பு ‘அபுரா’, உப்புச்சாறு கூடுதல் ‘கராமே’. எதுவும் வேண்டாம் என்றால் ‘சோனோ மாமா’. சீட்டு கொடுக்கும்போதே இதைச் சொல்லி ஊழியரைக் குழப்புகிறவர்கள் அதிகம். கேட்கும்வரை பேசாமல் இருங்கள். தடித்த நூடுல்ஸ் வேக நேரமாகும் என்பதால் நான்கைந்து பேருக்கு ஒரே ஈடாகப் போடுவார்கள், அந்த ஈடு முழுவதும் ஏறக்குறைய ஒன்றாக எழுந்தால்தான் அடுத்த ஈடு உட்கார முடியும். ஒருவர் படம் எடுத்துக்கொண்டு தாமதித்தால் அடுத்த ஈட்டின் நூடுல்ஸ் ஊறிப்போகிறது. பக்கத்தில் இருப்பவரின் முறைப்புக்குக் காரணம் இதுதான்.

சுகேமென் இதற்கெல்லாம் நேர்மாறான நிதானமான வகை. தைஷோகென் என்ற கடையின் யமகிஷி கசுவோ 1955-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது: நூடுல்ஸ் தனியாக, கெட்டியான சூப் தனியாக. தடித்த நூடுல்ஸை நீண்ட நேரம் வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசித் தருவார்கள். ஆறிப்போனதைக் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டாம். சூடாக வேண்டுமென்றால் ‘அட்சுமோரி’ என்று முன்பே சொல்ல வேண்டும். முழுவதையும் சூப்பில் கவிழ்க்காமல் ஒவ்வொரு வாயாகத் தோய்த்துச் சாப்பிடுங்கள். முடிந்ததும் ‘சூப்புவாரி’ கேட்டால், எஞ்சிய கெட்டிச் சூப்பில் வெறும் சாறு ஊற்றிக் குடிக்கும் பதத்துக்கு ஆக்கித் தருவார்கள். சுகேமெனில் எனக்குப் பிடித்ததே அந்தக் கடைசி நான்கு மிடறுதான். சின்னதும் பெரியதும் ஒரே விலை என்று எழுதியிருக்கும் கடைகளில் ஆசைப்பட்டுப் பெரியதைத் தொடாதீர்கள்.

இந்தக் கேள்விகள் எல்லாம் மலைப்பாக இருந்தால் ‘இச்சிரான்’ கிளை ஒன்றில் தொடங்கலாம். ஒவ்வொரு நாற்காலிக்கும் மரத்தடுப்பு, முன்னால் திரை, ஆங்கிலத்திலும் கிடைக்கும் தாளில் வட்டமிட்டுக் கொடுத்தால் போதும், வாயே திறக்க வேண்டாம். ராமென் பைத்தியங்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். இருக்கட்டும், முதல் நாள் இரவு களைத்து வந்தவருக்கு அதைவிட நல்ல பாடசாலை இல்லை.

கிண்ணம் வந்ததும் ஒன்றிரண்டு படம் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்தவர்களையும் சமையல்காரரையும் காணொளி எடுப்பதுதான் பிரச்சினை. முதலில் சூப் ஒரு கரண்டி, எதையும் சேர்க்காமல். மேசைமேல் இருக்கும் நசுக்கிய பூண்டு, மிளகாய் சேர்த்த கடுகுக்கீரை ஊறுகாய், வினிகர் எல்லாம் பாதிக் கிண்ணத்துக்குப் பிறகு. உறிஞ்சும் சத்தம் அங்கே அநாகரிகம் ஆகாது. காற்றோடு இழுக்கும்போது சூடு குறைந்து மணம் மேலே ஏறுகிறது. அப்படி உறிஞ்ச வராதவர்கள் அமைதியாகவே சாப்பிடலாம், யாரும் கணக்கெடுப்பதில்லை. சூப் முழுவதையும் குடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒரு கிண்ணத்தில் உப்பு மட்டுமே 5, 6 கிராம் இருக்கும், ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே 5 கிராமுக்குள்தான். ஆளுக்கு ஒரு கிண்ணம் என்பது விதி, இருவர் ஒன்றை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ள விடமாட்டார்கள். நாற்காலிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். மீதியைக் கட்டிக் கேட்பதும் இல்லை. கைப்பைக்கு மேடைக்கு அடியில் கொக்கி இருக்கும், தண்ணீரை நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

முடித்ததும் கிண்ணத்தையும் தம்ளரையும் உயர்ந்த விளிம்பில் ஏற்றி வைத்து, அங்கிருக்கும் துணியால் உங்கள் முன்னால் ஒரு துடைப்பு. டிப்ஸ் வைக்காதீர்கள், பணத்தை மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவருவார்கள். ‘கொச்சிசோ சாமா தேஷ்தா’, அதாவது சாப்பாட்டுக்கு நன்றி என்று சொல்லிக்கொண்டே எழுந்தால் நூடுல்ஸ் உதறும் கையை நிறுத்தாமல் அவர்களும் பதில் குரல் கொடுப்பார்கள். எப்படி இருந்தது என்று பேசுவதை வாசலில் வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இன்னும் 16 பேர் நிற்கிறார்கள்.